விரிப்பும் இழுப்பும்

அறை முழுவதும் பரந்து, சுவரோடு சுவர் பொருந்தி, ஒரு சுருக்கமும் இன்றிக் கிடக்கும் தரைவிரிப்பைக் காண்போர், அது சோம்பிக் கிடப்பதாகவே எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. அவ்விரிப்பு ஒவ்வொரு கணமும் நான்கு திசைகளிலும் இழுபட்டு நிற்கிறது. அந்த இழுப்பு உள்ளவரைதான் அது தட்டையாக இருக்கும். இழுப்புத் தளர்ந்த அன்றே அலை அலையாக எழும்பிவிடும். கயிற்றுக் கட்டிலை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வடமாநிலங்களில் வாழும் நம்மவர் நாள்தோறும் காணும் கட்டிலின் கால்மாட்டில் ஊடுகயிறு ஒன்று இருக்கும். கட்டில் தொய்யும்பொழுதெல்லாம் அக்கயிற்றை இழுத்துக் கட்டுவர். படுப்பவருக்குச் சுகம் தருவது கயிறு அன்று. கயிற்றின் விறைப்பே ஆகும். தரைவிரிப்பின் இலக்கணமும் இதுவே.

அந்த விறைப்பை உண்டாக்கவும் நிலைநிறுத்தவும் பயன்படும் கருவிகள் எவை, அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, அவற்றுள் ஒன்று தொழிலாளியின் உடலுக்கு இழைக்கும் தீங்கு யாது என்பனவற்றை இங்குக் காண்போம்.

எடுத்துக்காட்டாகப் பொன்முடியைக் கொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அம்மலை வாசத்தலம் அமைந்துள்ளது. கடற்கரையில் வெயில் காயும் வேளையிலும் அங்கு மஞ்சு மூடிக் கிடப்பதுண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் அம்மலையை நனைக்கின்றன. சன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள்ளேயே புகும். குளிரைத் தடுக்கக் காலடியில் மெத்தென்ற விரிப்பை வேண்டுவதும் இத்தகைய இடந்தான். விரிப்பைப் பெரிதும் சோதிப்பதும் இத்தகைய இடந்தான்.

இதற்குக் காரணம் இழைகளின் இயல்பில் உள்ளது. ஆட்டு உரோமம் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்குவரை நீராவியை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு ஈரம் தோன்றாதபடி இருக்கவல்லது. விரிப்புகளின் அடித்துணியாகப் பல காலம் பயன்பட்டு வந்த சணலும் ஈரத்தை எளிதில் ஏற்கும். ஈரம் ஏறிய நூல் பருக்கும். நூல் பருத்தால், ஒன்றன் மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும் நெசவில் ஒவ்வொரு நூலும் கூடுதலாக வளைய வேண்டியிருக்கும். அதனால் துணியின் நீளம் குறையும். மழையில் நனைந்த கூடாரக் கயிறு விறைத்து முளையைப் பிடுங்குவதும் நூல் பருப்பதன் விளைவே. பின்னர் வெயில் வந்து காய்ந்ததும் நூல் மெலிகிறது, துணி தளர்கிறது. இவ்வாறு சுருங்கியும் தளர்ந்தும் மாறி மாறி வரும் விரிப்பு, தொடக்கத்திலேயே போதிய இழுப்புடன் பொருத்தப்படவில்லையெனில் சில திங்களில் மடிப்பு விழுந்துவிடும். பாலிபுரொப்பிலீன் போன்ற செயற்கை இழைகள் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆயினும் நடமாட்டத்தாலும் மேசை நாற்காலிகளை நகர்த்துவதாலும் அவ்விரிப்பும் தளரக்கூடும்.

மடிப்பு என்பது கண்ணுக்கு அழகின்மை மட்டுமன்று. முதியோர் கால் இடறி விழுவது அம்மடிப்பிலேதான். விரிப்பு முதலில் தேய்ந்து நூல் தெரிவதும் மடிப்பின் முகட்டிலேதான்.

எல்லா விரிப்புகளுக்கும் இழுப்பு வேண்டுமா எனின், வேண்டுவதில்லை. பவானி ஜமக்காளத்தை நாம் உதறி விரிக்கிறோம். வேலை முடிந்ததும் மடித்து வைக்கிறோம். அதற்குரிய இழுப்பெல்லாம் தறியிலேயே நிகழ்ந்துவிட்டது. நெய்யும்பொழுது துணியின் அகலம் குறுகாதிருக்க, இரு ஓரங்களையும் கூர்முனைகளால் பற்றி அகட்டி நிறுத்தும் கழி ஒன்றைக் கைத்தறியில் பொருத்துவதுண்டு. முள்ளால் பற்றுதல், கோலால் அகட்டுதல் என்னும் இவ்விரண்டு செயல்களையும் நினைவில் கொள்க. நாம் காணப்போகும் கருவிகள் அனைத்தும் இவ்விரண்டின் விரிவே ஆகும்.

தென்னைநார் விரிப்பின் நிலை வேறு. பொன்முடி அமைந்துள்ள மாவட்டத்தின் கடற்கரையிலேயே அஞ்சுதெங்கு உள்ளது. அவ்வூரின் பெயர் தாங்கிய மெல்லிய கயிற்று நூல் நெடுங்காலமாக வாணிபத்தில் உயர்ந்த வகையாக மதிக்கப்பட்டு வருகிறது. வடக்கே ஆலப்புழையில் 1859-ஆம் ஆண்டு ஜேம்ஸ் டாரா என்பவர் தென்னைநார்ப் பாய் நெய்யும் தொழிற்சாலையை நிறுவினார். விடுதலைக்குப் பின்னர் 1953-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி கயிறு வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. தேங்காய் மட்டையைக் காயல் நீரில் பல திங்கள் ஊறப்போட்டு, அடித்து நாரெடுப்பது பழைய முறை. அந்நார் எளிதில் மக்குவதில்லை; ஏனெனில் மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் அதில் மிகுதியாக உள்ளது. ஆனால் அவ்வுறுதியே அதற்கு விறைப்பையும் தருகிறது. இழுத்தால் நீண்டு கொடுத்து மீளும் தன்மை தென்னைநார்ப் பாய்க்குக் குறைவு. ஆகையால் அடியில் ரப்பர்ப்பால் பூசிய கயிற்றுப் பாயைப் பெரும்பாலும் தரையில் பசையிட்டே ஒட்டுவர். ஒட்டுவதற்கு முன் ஒரு நாளோ இரு நாளோ அதே அறையில் விரித்துப் போட்டு, அவ்விடத்து ஈரத்திற்கு அது பழக இடந்தர வேண்டும். பொன்முடி போன்ற இடத்தில் இந்தப் பொறுமை இன்றியமையாதது. கடற்கரைக் கிடங்கிலிருந்து காலையில் கொண்டுசென்ற பாயை மலைமீது மாலையிலேயே ஒட்டிவிடுவது அறிவுடைமை ஆகாது.

ஆக, இழுத்துப் பொருத்தப்படுவது எது? அடியில் மெத்தை விரித்து, அதன்மேல் சுவர் முதல் சுவர் வரை போடப்படும் குச்சமுடைய கார்ப்பெட்டே அது. பழங்காலத்தில் இதனை ஆணியால் அடித்தனர். விரிப்பின் ஓரத்தை உள்மடித்து, சில அங்குலத்திற்கு ஒன்றாகச் சிற்றாணிகளை அறைந்து கொண்டே செல்வர். ஒரு கை விரிப்பை இழுத்துப் பிடிக்க, மறு கை சுத்தியைப் பிடிக்க, ஆணியை எடுக்க மூன்றாவது கை ஏது? எனவே தொழிலாளர் ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, காந்தம் ஏற்றிய சுத்தியின் முகத்தில் நாவால் ஒவ்வொன்றாகத் தள்ளி அடித்தனர். ஆணி அடித்த இடந்தோறும் விரிப்பில் குழி விழும். இரண்டு ஆணிகளுக்கு இடைப்பட்ட பகுதி தளர்ந்து வளையும்.

இக்குறையைப் போக்கியது ஒரு மரப்பட்டை. ஆங்கிலத்தில் கிரிப்பர் எனப்படும் இதனை நாம் கவ்வுப்பட்டை எனலாம். சுமார் ஓர் அங்குல அகலமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டில் இரண்டு மூன்று வரிசையாகக் கூரிய முட்கள் அடிப்புறமிருந்து மேல்நோக்கித் துருத்தி நிற்கும். அம்முட்கள் செங்குத்தாக நில்லாமல், சுமார் 60 பாகைக் கோணத்தில் சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். கருவியின் சூட்சுமம் முழுவதும் இச்சாய்விலே அடங்கியுள்ளது. விரிப்பைச் சுவரை நோக்கி இழுக்கும்பொழுது அது முட்களின் மேல் வழுக்கிச் செல்லும். விட்டவுடன் அறையின் நடுப்பக்கமாகத் திரும்ப முயலும். அப்பொழுது சாய்ந்த முட்கள் அடித்துணியில் ஆழப் பதிந்து அதனைப் பிடித்துக்கொள்ளும். தூண்டில் முள் மீனைப் பிடிப்பதுபோல, விலக முயலுந்தோறும் பிடி இறுகும். ஆகவே முட்கள் அறையை நோக்கிச் சாயும்படி பட்டையைத் திருப்பி அடித்துவிட்டால் அது ஒன்றுக்கும் உதவாது.

பட்டையைச் சுவரோடு ஒட்டி அடிக்கலாகாது. விரிப்பின் கனத்தைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளி வேண்டும். 10 மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பென்றால் 6 அல்லது 7 மில்லிமீட்டர் போதும். இழுத்துப் பதித்தபின் எஞ்சிய ஓரத்தை அளவாக வெட்டி, மழுங்கிய தகடு ஒன்றினால் அவ்விடைவெளியில் செருகிவிட்டால் விளிம்பு மறைந்துவிடும். அடிமெத்தை பட்டையின் உள்விளிம்போடு நின்றுவிட வேண்டும்.

கேரளத்துப் பழைய வீடுகளில் இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. செங்காவி பூசி மெருகேற்றிய சிமெண்டுத் தரையில் கான்கிரீட்டு ஆணி அடித்துப் பட்டையைப் பொருத்தினால், பின்னாளில் விரிப்பை எடுத்தபோது அத்துளைகளை மறைப்பது அரிது. அத்தகைய தரையில் பட்டையைப் பசையிட்டுப் பொருத்தலாமா என்றோ, தனி விரிப்பே போதுமா என்றோ முதலிலேயே ஆராய்வது நன்று. தரைக்குள்ளிருந்து ஈரம் கசிகின்றதா என்பதையும் அறிதல் வேண்டும். ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு ஓரங்களும் இறுக ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்துப் பார்த்தால், தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கோத்திருப்பின் எந்த விரிப்பும் அங்கு நிலைக்காது.

பற்றும் கருவியைப் பார்த்தோம்; இனி இழுக்கும் கருவிகளுக்கு வருவோம். இவற்றுள் முதலாவது, தொழிலாளர் அனைவரிடமும் உள்ளதும் எளியதுமான ஒன்று. அதன் ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்த்து ‘நீ கிக்கர்’ என்று எழுதினால், தமிழ் படிப்பவர் உதைப்பது யாரென ஐயுறுவர். மொழிபெயர்ப்பாளருக்கு இத்தகைய சங்கடங்கள் புதியன அல்ல. முழங்கால் உந்தி என்று சொன்னால் பொருள் தெளிவாகும். ஒன்றரை முதல் இரண்டு அடி நீளமுள்ள உலோகத் தண்டு. அதன் ஒரு முனையில் முட்கள் பதித்த தலை. மறு முனையில் மெத்தை வைத்த திண்டு. விரிப்பின் குச்சத்தின் உயரத்திற்கு ஏற்ப முட்களின் நீளத்தைத் திருகி மாற்றலாம். தொழிலாளி மண்டியிட்டு அமர்ந்து, தலையைச் சுவருக்குச் சில அங்குலம் முன்பாக விரிப்பில் ஊன்றி, முழங்காலால் திண்டை ஓங்கி இடிப்பார். அவ்விடியில் விரிப்பு முன்னேறிக் கவ்வுப்பட்டையின் முட்களில் சிக்கும். முழங்கால் சில்லின் மேல் அடி விழாமல், அதற்குச் சற்று மேலேயுள்ள தசையில் விழ வேண்டும் என்பது விதி. நாளெல்லாம் இடிப்பவருக்கு ஒவ்வோர் இடியிலும் அவ்விதியைக் காப்பது எளிதன்று.

இரண்டாவது கருவி நெம்பு இழுவை. முட்கள் பதித்த அகன்ற தலை இதற்கும் உண்டு. ஆனால் முழங்காலுக்கு மாறாக, ஒன்றனுள் ஒன்று செருகி நீட்டக்கூடிய குழல்கள் பின்புறமாக அறையின் குறுக்கே சென்று எதிர்ச்சுவரின் அடியில் முட்டுக்கட்டை ஒன்றில் ஊன்றி நிற்கும். தலைக்கு அருகிலுள்ள கைப்பிடியை அழுத்தினால், நெம்புகோல் தத்துவத்தின்படி கையின் சிறுவிசை பெருவிசையாக மாறித் தலையை முன்னே தள்ளும். எதிர்விசையை எதிர்ச்சுவர் ஏற்றுக்கொள்ளும். சுவர் மெலிதாக இருப்பின், முட்டுக்கட்டைக்கும் சுவருக்கும் இடையே நீண்ட பலகை ஒன்றைக் குறுக்கே வைத்தால் பாரம் பரவிவிடும். கைப்பிடி பூட்டிக்கொண்டபின் விரிப்பு இழுபட்ட நிலையிலேயே நிற்கும். தொழிலாளி பதறாமல் அதனை முட்களில் அழுத்திப் பதிக்கலாம். குழல் எட்டாத பெரிய கூடங்களிலும், ஊன்றுவதற்குச் சுவரில்லாத இடங்களிலும் பயன்படும் சிறிய இழுவை ஒன்றும் உண்டு. அதனை ஆங்கிலேயர் நண்டு என்று பெயரிட்டு அழைக்கின்றனர்.

எவ்வளவு இழுக்க வேண்டும்? குச்சம் தைத்த இன்றைய கார்ப்பெட்டுகளில் பெரும்பாலானவற்றை நீளத்திலும் அகலத்திலும் நூற்றுக்கு 1 முதல் ஒன்றரைப் பங்கு வரை நீட்டிப் பொருத்துவது முறை. 20 அடி நீளமுள்ள அறையில் இது சுமார் இரண்டரை அங்குலம் முதல் மூன்றரை அங்குலம் வரை ஆகும். விரல் அளவான இந்நீட்டமே, மழையையும் வெயிலையும் தாங்குவதற்கு விரிப்பு தன்னுள் சேமித்து வைத்திருக்கும் கையிருப்பு. அது கரைந்துபோகாதவரை மடிப்பு எழாது. முழங்காலின் இடி விரிப்பை ஓரிடத்தில் சற்றே நகர்த்தவல்லது. ஆனால் அறையின் முழு நீளத்திற்கும் அதனைச் சீராக நீட்ட அதனால் இயலாது. ஆதலால் விரிப்பை இடம் பார்த்து அமைக்கவும், ஒரு மூலையை முதலில் நிலைநிறுத்தவும், அலமாரி உட்புறம், மாடிப்படி போன்ற குறுகிய இடங்களுக்கும் மட்டுமே உந்தி உரியது. அறையை இழுப்பதற்கு நெம்பு இழுவையே உரியது. அமெரிக்க விரிப்புத் தொழிலின் பொருத்துமுறை விதிகளும் இவ்வாறே வகுத்துள்ளன.

இவ்விதியை மீறினால் கெடுவது விரிப்பு மட்டுமாயின் இதனை இவ்வளவு வற்புறுத்த வேண்டியதில்லை. கெடுவது மனிதனின் முழங்கால்.

முழங்கால் சில்லின் முன்புறத்தில், தோலுக்கும் எலும்புக்கும் இடையே, வழவழப்பான நீர் கொண்ட சிறுபை ஒன்று உண்டு. உராய்வைத் தணிப்பது அதன் பணி. நாளெல்லாம் மண்டியிடுவதாலும் இடிப்பதாலும் அப்பை அழன்று வீங்குகிறது. உள்ளே மூட்டைத் தாங்கும் குருத்தெலும்பும் காலப்போக்கில் தேய்கிறது. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் இது குறித்து எச்சரிக்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன்படி அந்நாட்டு உழைப்பாளருள் விரிப்பு பொருத்துவோர் நூற்றுக்கு 0.06 பங்கிற்கும் குறைவு. ஆயினும் முழங்கால் காயத்திற்காக இழப்பீடு கோரியவர்களுள் அவர்கள் நூற்றுக்கு 6.2 பங்கினர். அதாவது அவர்களது தொகைக்கு ஏற்ப எதிர்பார்க்கத்தக்கதைவிட 100 மடங்குக்கும் மேல். ஒருவர் ஒரு மணி நேரத்தில் உந்தியை 140 முறை வரை இடிக்கிறார் என்பதும், ஒவ்வோர் இடியின் உச்ச விசையும் சுமார் 3,000 நியூட்டன், அதாவது உடலின் எடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதும் அளந்து கூறப்பட்டன. உந்திக்கு மாறாக நெம்பு இழுவையைப் பயன்படுத்துமாறு அவ்வறிக்கை அறிவுறுத்தியது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில், நெடுநேரம் மண்டியிடுவதால் வரும் முழங்கால் பை அழற்சி இடம்பெற்றுள்ளது. பிரிட்டனில் 20 ஆண்டுகள் விரிப்பு பொருத்தும் தொழில் புரிந்தோருக்கு வரும் முழங்கால் மூட்டுத் தேய்வு, 2012 முதல் அரசு உதவிக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட்டுள்ளது. சட்டங்கள் ஏட்டில் ஏறுவதற்குள் எத்தனையோ முழங்கால்கள் தேய்ந்துபோயின என்பதையே இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

நல்ல கருவி இருக்கத் தீய கருவி நிலைபெற்றிருப்பது ஏன்? உந்தி மலிவானது, தோளில் மாட்டிச் செல்லும் பையில் அடங்குவது. நெம்பு இழுவையோ விலை மிக்கது, பெட்டியோடு கனப்பது, ஒவ்வோர் இழுப்புக்கும் குழல்களை அளந்து பூட்டக் காலம் பிடிப்பது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் தொழிலில், காலம் என்பது கூலி. பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த முழங்காலைச் செலவிடுகிறான் தொழிலாளி. அன்றைய கணக்கில் அது ஆதாயம். ஐம்பது வயதில் படி ஏற முடியாமல் நிற்கும்பொழுதுதான் நட்டம் தெரிகிறது.

இங்கு வேலை செய்விப்போருக்குப் பொறுப்பு உண்டு. தில்லியிலோ பம்பாயிலோ பெங்களூரிலோ அலுவலகங்களை நிர்வகிக்கும் நம்மவர் பலர் விலை ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகின்றனர். விரிப்பின் நிறம், விலை, உத்தரவாதம் ஆகியவற்றை விசாரிப்பதோடு, எக்கருவியால் பொருத்துவீர்கள் என்றும் ஒரு வினா எழுப்பலாம். நெம்பு இழுவை கொண்டுதான் பொருத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அதற்காகும் கூடுதல் நேரத்திற்கு உரிய கூலியையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். கூலியின்றி விதி மட்டும் இருப்பின் அவ்விதி கடைப்பிடிக்கப்படாது. இத்தொழிலையே மேற்கொண்டு வெளிமாநிலங்களில் உழைக்கும் நம் இளைஞரும் உண்டு. அவர்கள் முழங்கால் மெத்தையை அணிவதையும், உந்தியை இடம் பார்த்து அமைப்பதற்கு மட்டும் பயன்படுத்துவதையும், தனியே வாங்க இயலாதெனில் நால்வர் சேர்ந்தேனும் ஓர் இழுவை வாங்குவதையும் கடமையாகக் கொள்ள வேண்டும்.

வேலை செவ்வனே முடிந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அறையின் நடுவில் விரிப்பை இரு விரல்களால் கிள்ளித் தூக்குக. சற்றே எழுந்து, விட்டவுடன் பட்டென்று தரையில் படிந்தால் இழுப்பு சரியானது. கைக்கு எளிதில் வந்து, விட்டபின் மேடாகவே நின்றால் அது முழங்காலால் மட்டும் செய்த வேலை என ஐயுறலாம். பொன்முடியின் முதல் மழைக்கே அது அலை எழுப்பிவிடும். அதனைச் சரிசெய்ய மீண்டும் ஒருவர் மண்டியிட வேண்டியிருக்கும். முதன்முறையே நெம்புகோலின் வலிமையால் இழுத்துவிட்டால் விரிப்பும் நிலைக்கும். விரித்தவரின் காலும் நிலைக்கும்.